பூ பார்க்கிற வேலை

குணமதியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷமே வாத்தியார் அவள் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். "பொண்ணு மக்கு இல்லைங்க நயினாரே. ஆனா ஜன்னலோரமா மட்டும் உட்கார வெக்க முடியல" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியும். குணமதி அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து, ஏடு உப்பி மெல்ல மேலே எழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேல்சித்தாமூர்த் தேர் அடுத்த தெருவுக்குத் திரும்பிய பிறகும், சக்கரம் அழுத்திய ஈரமண்ணைப் பார்த்தபடி தனியாக நிற்பாள்.

கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகும் அது போகவில்லை. கணவர் நேமிகுமார் கடைத்தெருவில், அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலையின் எண்ணெயும் புண்ணாக்கும் விற்றார். கடைக்குப் பின்னாலேயே வீடு. பொறுமைசாலி. யாராவது வந்து "வூட்டுல அம்மா இல்லியா?" என்று கேட்டால், "இருக்காங்க, ஆனா எப்ப வருவாங்கன்னு தெரியல" என்பார். ஒரே மகள் பிராமி விழுப்புரத்தில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் வீட்டில் சத்தமே இல்லாமல் போனது. குணமதி கடை வாசலில் முக்காலி போட்டு எதிர்வாடை வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு நாள், நாற்றுகளுக்குப் போடப் புண்ணாக்கு வாங்க வந்த ஒரு பெண் அவளையே கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுக் கேட்டாள். "அந்த மரத்துல அப்படி இன்னாக்கா இருக்குது?"

"மேக்கால கிளையில மட்டும் பூ வெச்சிருக்குது. மத்ததெல்லாம் இன்னும் தூங்குது."

கேட்டவள் சித்ரா. விழுப்புரத்துக்காரி. மரங்களின் மரபணுவில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்காகப் பெருமுக்கல் பக்கம் ஒரு சோதனைத் தோட்டம் போட்டிருந்தாள். புண்ணாக்கு மூட்டையை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அக்கா, எங்கிட்ட ஒரு வேலை இருக்குது. பூ பாக்கற வேலை. வர்றீங்களா?"

நேமிகுமார் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். இப்படியும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதா என்பது போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடணும். நாங்க ஜைனருங்க, வெளிச்சம் இருக்கறப்பவே சாப்புட்டுடுவோம்" என்று மட்டும் சொன்னார். "மத்தியானத்தோட முடிஞ்சுடுங்க" என்றாள் சித்ரா.

மரக்காணம் போகிற பஸ்ஸில் ஏறி, பெருமுக்கல் மலையும் அதன்மேல் கோயிலும் தெரிகிற இடத்தில் இறங்கி, வயல்களுக்கு நடுவே மண்பாதையில் நடந்தால் அந்தத் தோட்டம் வரும். சுற்றிலும் உயரமான கம்பிவேலி. உள்ளே வரிசை வரிசையாக இளம் சவுக்கு மரங்கள். அந்த வட்டாரத்தில் சவுக்கு ஒன்றும் அதிசயமில்லை. அங்கிருந்து கடற்கரை வரை தோப்புகள்தான். ஆனால் இவை வேறு. மரக்காணம் உப்பளத்து ஓரங்களில் மண்டிக்கிடக்குமே உமரி, அந்தச் செடி உப்பைத் தாங்குவது எதனால் என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த ஒரு குணத்தை மட்டும் பிரித்தெடுத்து, இந்தச் சவுக்குக்குள் வைத்திருந்தார்கள். வாரத்தில் பாதி நாள் இவற்றுக்கு உப்புத் தண்ணீர்தான் பாய்ச்சினார்கள்.

முதல் நாள் சித்ரா அவளைத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"இதுல ஒண்ணுகூட பூக்கக் கூடாதுக்கா."

"ஏன் மேடம்? பூத்தா கெடுதலா?"

"கெடுதல்னு சொல்லல. பூத்தா இன்னா ஆவும்னு நமக்கு இன்னும் தெரியாது. சவுக்கப் பூவுக்கு வண்டு வேணாம், பட்டாம்பூச்சி வேணாம். காத்து போதும். இங்க ஒரு மரம் பூத்துச்சுன்னா அந்த மகரந்தம் எந்தத் தோப்புக்குப் போச்சு, எந்த மரத்துல விதையாச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. தெரியற வரைக்கும் உள்ள இருக்கறது உள்ளயே இருக்கணும். அதான் ரூல்."

கிளை நுனி துருப்பிடித்தாற்போல லேசாகப் பழுப்பேறினால் அது ஆண்பூ வரப்போகும் அடையாளம். கணுவோரத்தில் கடுகளவு பச்சைக் குமிழ் தெரிந்து, அதில் சிவப்பு ஊறத் தொடங்கினால் அது பெண்பூ. விரிவதற்கு முன்னால் கிள்ளிவிட வேண்டும். கிள்ளியதை உறையில் போட்டு, குழியில் எரித்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் போய்விடுவாள். மார்கழி மாதங்களில் மலை இருக்கிற இடமே தெரியாமல் பனி மூடியிருக்கும். சவுக்கின் ஊசிகள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. மூன்றுகால் ஏணியின் மேல் ஏறி, ஒரு கிளையை இழுத்து முகத்தருகே பிடித்தால், அத்தனை துளியிலும் தோட்டம் தலைகீழாகத் தொங்கும். காற்று வந்தால் சவுக்கு பேசும். இலை சலசலக்கிற பேச்சு இல்லை அது. யாரோ வெகுதூரத்திலிருந்து ஒரே மூச்சில் நீளமாகச் சொல்லிக்கொண்டே வருவது போல. அதற்குள் நின்றுகொண்டு குணமதி கணுக்கணுவாகப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க மரங்களுக்கு முகம் வந்தது. ஒன்று எப்போதும் கிழக்குப் பக்கம்தான் மொட்டு வைக்கும். இன்னொன்று மழைக்கு முன்னால் அவசரப்படும். வேலியோர மரமொன்று ஒரு தடவைகூட முயற்சியே செய்ததில்லை.

வாழ்நாளில் முதல்முறையாக, "அங்க இன்னா பாத்துக்கினு நிக்கிற?" என்று யாரும் அவளை அதட்டவில்லை.

ஊர்த் திருவிழாவில் ஒரு சித்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, மரமும் உசுருதான்னு நெனைக்கிற வூட்டுல பொறந்துட்டு, அது பூக்கறதுக்கு முன்னாலயே கிள்ளிப் போடறியாமே. மனசு கேக்குதா ஒனக்கு?"

குணமதி எப்போதும் போல எங்கேயோ இருந்துவிட்டு வந்தாள். "கிள்றதுக்கு முன்னால நல்லா பாத்துடறேன் சித்தி" என்றாள். சித்திக்கு அது பதிலாகப் படவில்லை. குணமதி திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை நினைத்து நினைத்துக் கொஞ்சம் கலங்கினாள். மறுநாள் காலை வழக்கம் போலத் தோட்டத்துக்குப் போனாள்.

மரங்கள் இரண்டாள் உயரம் தாண்டிய பிறகு ஃபெஞ்சல் புயல் வந்தது. திண்டிவனத்தில் அவ்வளவு மழையை யாரும் பார்த்ததில்லை. கடைக்குள் தண்ணீர் புகுந்து எண்ணெய் டின்கள் மிதந்தன. ஊருக்குள் வெள்ளம் வடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் குணமதி கிளம்பினாள். "அங்க போயி எந்தப் பூவைப் பாக்கப் போற?" என்று நேமிகுமார் கேட்டார், கேட்டுவிட்டு, தன் ரப்பர் செருப்பை அவளிடம் கொடுத்தார்.

பெருமுக்கல் பக்கம் இன்னும் வயல் எது, பாதை எது என்று தெரியவில்லை. மலை மட்டும் தண்ணீரில் நிழல் விழுந்து இரண்டாக நின்றது. வேலி ஒரு பக்கம் படுத்துவிட்டிருந்தது. பாதி மரங்கள் சாய்ந்திருந்தன. முறிந்த கிளைகளை வெள்ளம் எங்கோ கொண்டுபோயிருந்தது. சித்ரா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஃபோனைக் காதில் வைத்தபடி அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தாள். குணமதியைப் பார்த்ததும் ஃபோனை வைத்தாள்.

"ஒரு குச்சிகூட வெளிய போவக் கூடாதுக்கா. இப்ப எவ்ளோ போயிருக்குதோ."

"பூ இல்ல மேடம். போன வாரம் பூரா பாத்துட்டேன். வெறும் கிளைதான் போயிருக்கும். வாங்க, தேடலாம்."

அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் இருவரும் அந்தத் தண்ணீர் தேசத்தில் நடந்தார்கள். நெற்பயிரின் தலைகளுக்கு மேல் மீன்குஞ்சுகள் போயின. வரப்பில் ஒதுங்கிய பாம்பு ஒன்று இவர்களைப் பார்த்தும் நகரவில்லை. மல்லாட்டை வயலில், மோட்டார் கொட்டகையின் ஓட்டில், ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தில் சிக்கிய கிளைகளை எடுத்துச் சாக்கில் போட்டார்கள். எதிர்ப்பட்டவர்கள் அடுப்புக்குச் சுள்ளி பொறுக்குகிறார்கள் என்று நினைத்து, தங்கள் பக்கம் ஒதுங்கியதையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் பாதி முருங்கை. வானமும் தரையும் ஒரே வெள்ளையாக இருந்த அந்த நாட்களில், தான் நடக்கிறோமா, மிதக்கிறோமா என்றே குணமதிக்குச் சில நேரம் தெரியவில்லை. பின்னால் அதைப் பற்றி மகளிடம் பேசும்போது, "சந்தோஷமா இருந்துச்சுன்னு சொன்னா தப்பா எடுத்துக்குவாங்க" என்றாள்.

வேலி விழுந்த தோட்டத்தை வைத்திருக்க அனுமதி இல்லை. சோதனையை முடித்துவிட உத்தரவு வந்தது. மரங்களை அறுத்து, அடிக்கட்டைகளை இயந்திரத்தால் தோண்டியெடுத்து, எல்லாவற்றையும் அங்கேயே எரித்தார்கள். புகை மலைப்பக்கம் போனது. குணமதி அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தாள். போகவில்லை. "இன்னும் ஒரு வருஷம் வெறும் தரையைப் பாக்கணும்கா" என்றாள் சித்ரா. "எதுவும் மொளைக்கலன்னு தெரிஞ்சாத்தான் நெலத்தை விட முடியும்."

அப்படியாக, பூவே இல்லாத இடத்தில் பூப் பார்க்கிறவள் ஆனாள். சரிசெய்த வேலிக்குள் ஒரு வெற்று நிலம். அதன் நடுவில் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு, குனிந்த தலையோடு, ஒரு பெண் மெதுவாக நடப்பாள். மழை பெய்தால் கோரை வரும், கீரை வரும், தும்பை வரும். எல்லாவற்றையும் பார்த்துக் கடந்து போவாள். காற்று வீசும்போது சில நேரம் நின்று அண்ணாந்து பார்ப்பாள். அந்த நீளப் பேச்சு கேட்டது போலிருக்கும். அங்கே மரம் இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வரும்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் சவுரிராயன். பக்கத்துக் கிராமத்தில் வீடு. ஐம்பது வயதைத் தாண்டியவர். கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அன்றிலிருந்து வருத்தப்பட்டுக்கொண்டிருப்பவர். தினமும் வேலிக்கு வெளியே வந்து நின்று, தன் மண் சும்மா கிடப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"இன்னும் எத்தினி நாளு நயினாரம்மா?"

"பொங்கல் முடிஞ்சா ஆச்சுண்ணே."

"தை பொறந்ததும் மல்லாட்டை போட்டுடுவேன். ஏர் ஓட்டறவன்கிட்ட சொல்லிட்டேன், ஆமா."

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், பழைய வரிசையொன்றின் நடுவில், கோரைக்கு இடையே, அதைப் பார்த்தாள். விரல் நீளம். கோரை போலவேதான் இருந்தது. ஆனால் கணு இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சவுக்கு. நுனியில் ஒரு துளி நீர்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ, தலைக்கு மேல் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். வேலிக் கதவு திறந்திருந்ததால் சவுரிராயன் உள்ளே வந்திருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

"சவுக்கயா அது?"

"ஆமாண்ணே."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிடுங்கிப் போட்டுடும்மா. ரெண்டு விரலால கிள்ளினா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போவுது?"

"சொல்லணும்ண்ணே."

"சொன்னா இன்னா பண்ணுவாங்க? இன்னொரு வருஷம்பாங்க. நீ குனிஞ்சு நின்னு பாத்துக்கினு இருக்கறதுக்கு என் நெலம் இன்னொரு வருஷம் சும்மா கெடக்கணுமா? இன்னா பேஜாரும்மா இது!"

குணமதிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. எத்தனையோ மொட்டுகளைக் கிள்ளிய விரல்தான், இதையும் கிள்ளலாம். கிள்ளினால் அவர் விதைப்பார். ஆனால், தான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பால் பொங்கி வழிந்தபோதுகூட, "பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றுதான் சொல்லியிருக்கிறாள். அதற்கு எத்தனை அடி வாங்கினாலும்.

"பாத்துட்டேன்ண்ணே. இப்ப இன்னா பண்றது?" என்றாள். ஃபோனை எடுத்துச் சித்ராவைக் கூப்பிட்டாள். சவுரிராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அப்புறம் ரொம்ப நாள் அவர் வேலிப்பக்கம் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் எதிர்ப்பட்டாலும் வேறு பக்கம் பார்த்தார். வேலை நீளட்டும் என்று இவளே எதையாவது நட்டிருப்பாள் என்றுகூட ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அது காதில் விழுந்த அன்று மட்டும் குணமதி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

சித்ராவுக்கும் தூக்கம் இல்லை. விதை விழுந்து முளைத்திருந்தால், எங்கோ ஒரு பூ தவறியிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துத் தோப்புகளையெல்லாம் சோதிக்க வேண்டிவரும். அதனால் முதலில் முளையைச் சுற்றி மண்ணை மெல்ல விலக்கிப் பார்த்தார்கள். சித்ரா தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ள, குணமதி தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள். முளைக்குக் கீழே விதையின் சின்ன வேர் இல்லை. கட்டைவிரல் பருமனில் ஒரு பழைய வேர், படுக்கைவாட்டில், ஒரு முழத்துக்கு மேல் ஓடியது. இயந்திரம் தோண்டியபோது அறுந்து மண்ணுக்குள் தங்கிவிட்ட துண்டு. அதிலிருந்துதான் இது எழுந்திருந்தது.

"பூ இல்லக்கா! வேர்!" என்று சித்ரா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு பூவும் தப்பல. இது கீழ வழியா வந்திருக்குது."

கிள்ளியெடுத்த நுனியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். உமரியின் குணம் அதற்குள் இருந்தது, சந்தேகமில்லை. நிலம் முழுவதையும் ஆழமாகக் கிளறி வேர்த்துண்டுகளைப் பொறுக்கச் சொன்னார்கள். இன்னொரு வருஷம் காவல் என்றார்கள். குணமதி வீட்டில் கிழங்கு சமைப்பதில்லை. பூமிக்குள் கிடப்பதைத் தோண்டி எடுத்து அவளுக்குப் பழக்கமே இல்லை. மண்ணுக்கு அடியில் இப்படி ஒரு தோட்டம் கிளைபிரிந்து கிடந்தது என்பதை இத்தனை நாள் நடந்தும் தான் அறியவில்லையே என்று வியந்து வியந்து, கூடை கூடையாகப் பொறுக்கினாள்.

அந்த முளையை மட்டும் எரிக்கவில்லை. வருஷக்கணக்காக உப்பு ஊறிய மண்ணில், அறுந்த வேரிலிருந்து பிழைத்து வந்தது என்பதால், அதன் கொழுந்தை வைத்துக்கொள்ள முறைப்படி அனுமதி வாங்கி விழுப்புரத்திலுள்ள ஒரு ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனாள் சித்ரா. மாசி மாதம் குணமதியைப் பார்க்க வரச் சொன்னாள். ரயிலில் போனாள். ஸ்டேஷனுக்குப் பிராமி வந்திருந்தாள். இருவரும் ஷேர் ஆட்டோவில் போனார்கள்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றி, கை கழுவி, தலைக்கு உறையும் வாய்க்கு மூடியும் போட்டு உள்ளே விட்டார்கள். குளிர்ந்த அறை. பால் போன்ற வெளிச்சம். தட்டுத் தட்டாகக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் அடியில் கஞ்சி போல ஏதோ உறைந்திருக்க, அதன்மேல் மண் இல்லாமல், காற்று இல்லாமல், நெல்லளவு சவுக்குகள் நின்றன. ஒரு கொழுந்திலிருந்து எடுத்து எடுத்து வைத்தவை. குணமதி ஒரு புட்டிக்கு நேராகக் குனிந்தாள். உள்ளே பனி படர்ந்திருந்தது. ஊசி நுனியில் ஒரு துளி.

"அம்மா, வாம்மா. பொழுது சாயுது, நீ சாப்புடணும்" என்று பிராமி மூன்று தடவை கூப்பிட்டாள்.

"இங்க வந்துடறீங்களாக்கா?" என்று சித்ரா கேட்டாள். "புட்டிய பாக்கற வேலை. எதுல பூஞ்சை புடிக்குது, எது மொதல்ல துளிர்க்குதுன்னு."

"அந்த நெலத்து வருஷம் முடியட்டும் மேடம். பாதியில வுட முடியாது."

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது மலைக்குப் பின்னால் இன்னும் சூரியன் ஏறவில்லை. கிளறிவிட்ட மண் ஈரத்தோடு வாசனை அடித்தது. வேலிக்குள் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிட்டே போனதும் தெரிந்தது, சவுரிராயன்.

"இது இன்னா மொளை பாரும்மா" என்றார், தலையைத் தூக்காமலேயே.

குணமதி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "மூக்கிரட்டைக் கீரைண்ணே."

"நல்லா பாத்துச் சொல்லு."

"மூக்கிரட்டைதாண்ணே."

"அப்படியா" என்றார். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச தூரம் நகர்ந்து உட்கார்ந்து, அடுத்த முளையைப் பார்க்க ஆரம்பித்தார்.